சாப்பல்ல அன்பைப் பத்தி பேசணும், ஆனா கூட இருக்கிறவர்கிட்ட பேச்சே இல்ல

கேள்வி: ஸ்தோத்திரம் ஐயா. நான் அமெரிக்காவுல தெற்குப் பக்கம் ஒரு பாப்டிஸ்ட் செமினரியில (பாஸ்டர் ஆகறவங்க படிக்கிற கல்லூரி) எம்.டிவ். (இறையியல் முதுகலை) ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். அப்பா நம்ம ஊர்ல ஒரு சின்ன சபைக்கு பாஸ்டர். அடுத்த மாசம் செமினரி ஆராதனையில, அதாவது சாப்பல்ல, பிரசங்கம் பண்ண என் பேரைப் போட்டிருக்காங்க. 20 நிமிஷம், தலைப்பும் அவங்களே குடுத்துட்டாங்க: அன்பு, விசுவாசம், ஊழியம். முன் வரிசையில புரொபசருங்க எல்லாரும் உக்காந்திருப்பாங்க. கிரேக்கத்துல அன்புக்கு இருக்கிற வார்த்தைகளை வச்சு ஆரம்பிச்சு, அன்பைப் பத்தின அதிகாரமான 1 கொரிந்தியர் 13க்குப் போகலாம்னு யூடியூப்ல நிறைய பிரசங்கம் கேட்டு நோட்ஸ் எடுத்து வச்சிருக்கேன். பிரச்சனை என்னன்னா, என்கூட அதே அபார்ட்மெண்ட்ல தங்கியிருக்கிற ஆந்திராக்காரர் ஒருத்தர்கிட்ட போன செமஸ்டர்ல இருந்து நான் பேசறதில்ல. இந்தியர்கள் வர்ற ஒரு சபையில நான் எதிர்பார்த்திருந்த இன்டர்ன்ஷிப் அவருக்குப் போயிடுச்சு. அவர் கிச்சன்ல இருந்தா நான் ரூமை விட்டு வெளியவே வரமாட்டேன். ஜெபமும் வறண்டு போச்சு. இந்த நிலைமையில அன்பைப் பத்தி பேசினா நான் மாய்மாலக்காரன்தானே? உடம்பு சரியில்லன்னு சொல்லி விலகிடவா?
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, விலகாதீங்க. அதுவும் உடம்பு சரியில்லன்னு பொய் சொல்லிட்டு விலகவே விலகாதீங்க, ஏற்கனவே மனசுல ஒரு பாரம் இருக்கு, அது மேல இன்னொன்னை ஏன் ஏத்திக்கணும். நீங்க மாய்மாலக்காரரா இருந்தா இந்த லெட்டரே எனக்கு வந்திருக்காது, அந்த 20 நிமிஷத்தை நல்லா பண்ணி முடிச்சுட்டு, வெளிய வந்து கை குலுக்கி, வீட்டுக்குப் போய் திரும்பவும் ரூம் கதவை சாத்திட்டு உக்காந்திருப்பீங்க. உங்களுக்கு உறுத்துது, உறுத்தறது நல்லதுதான். ஆனா ஒண்ணு, இவ்வளவு தெரிஞ்ச பிறகும் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசாம மேடை ஏறினீங்கன்னா அப்ப நீங்க பயப்படறது நிஜமாயிடும்.

அவரைப் பத்தி அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க படிக்கிற அதே தெற்கு பாப்டிஸ்ட் மண்ணுல நடந்த ஒரு விஷயத்தை கொஞ்சம் விரிவாவே சொல்லணும், உங்க தலைப்புல இருக்கிற மூணும் அதுக்குள்ள இருக்கு.

சதர்ன் பாப்டிஸ்ட் தியாலஜிக்கல் செமினரி இப்ப கென்டக்கியில லூயிவில்ல இருக்கு, 1877லதான் அங்க வந்தாங்க, ஆரம்பிச்சது 1859ல, சவுத் கரோலினாவுல கிரீன்வில்ங்கிற ஊர்ல. நடுவுல உள்நாட்டுப் போர் வந்து மூடிட்டாங்க. 1865ல போர் முடிஞ்சு திரும்ப திறந்தப்போ வந்த மாணவர்கள் மொத்தமே ஏழு பேர், கையில காசும் கிடையாது. ஜான் பிராடஸ்னு ஒரு புரொபசர், பிரசங்கம் எப்படி தயார் பண்றதுன்னு வகுப்பு எடுக்கிறவர். அந்த வருஷம் அவர் வகுப்புக்கு சேர்ந்தது ஒரே ஒரு ஆள், அந்த ஒரு மாணவருக்கும் கண் தெரியாது. யோசிச்சுப் பாருங்க, இதைப் படிச்சுட்டு வான்னு ஒரு புத்தகத்தை கையில குடுக்க முடியாது, போர்டுல எழுதிக் காட்ட முடியாது, காதால கேட்டே எல்லாம் மனசுல நிக்கணும். ஒரு ஆளுக்குத்தானேன்னு அவர் ஏனோதானோன்னு எடுக்கல, பெரிய ஹால் நிறைய ஆள் இருந்தா எப்படி தயார் பண்ணுவாரோ அப்படி ஒவ்வொரு லெக்சரையும் உக்காந்து தயார் பண்ணினார். அந்த லெக்சர்கள்தான் 1870ல புத்தகமா வந்து, அமெரிக்காவுல பல தலைமுறை பாஸ்டர்களுக்கு பாடப்புத்தகமா இருந்துச்சு. உங்க செமினரி லைப்ரரியிலயும் கண்டிப்பா இருக்கும்.

இதை கேட்டவுடனே எனக்கு மனசு நெகிழும், உங்களுக்கும் நெகிழும். ஊழியம்னா இதுதான்னு சொல்லிட்டு இதோட முடிச்சுடலாம்னு தோணும். ஆனா முடிக்கக்கூடாது, மீதியும் இருக்கு. 2018 டிசம்பர்ல அந்த செமினரியே தன்னோட சரித்திரத்தைத் தோண்டி ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. செமினரியை ஆரம்பிச்ச நாலு புரொபசர்களும் அடிமைகளை வச்சிருந்தவங்க, நாலு பேர்கிட்டயும் சேர்த்து 50 பேருக்கு மேல அடிமையா இருந்தாங்கன்னு அதுல எழுதியிருக்கு. அந்த நாலு பேர்ல பிராடஸும் ஒருத்தர். கண் தெரியாத ஒரு மாணவனுக்காக அவ்வளவு மெனக்கெட்ட அதே மனுஷன். எனக்கு இது ரொம்ப வலிக்கிற விஷயம் தம்பி, அவர்கிட்ட அன்பே இல்லன்னு சொல்லிட்டா கணக்கு சுலபமா முடிஞ்சுடும், ஆனா அவர்கிட்ட அன்பு இருந்துச்சு, நிஜமாவே இருந்துச்சு, அது ஒரு கோடு வரைக்கும் வந்து அங்கயே நின்னுடுச்சு, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மனுஷங்க அதே வீட்டுல வேலை செஞ்சுட்டு இருந்தும் அவர் கண்ணுக்கு அயலாரா தெரியல.

அதே செமினரியோட சாப்பல்லதான் 1961 ஏப்ரல் 19ஆம் தேதி, கறுப்பின மக்களோட உரிமைக்காகப் போராடின மார்ட்டின் லூதர் கிங் வந்து பேசினார். அவரும் பாப்டிஸ்ட் பாஸ்டர், பென்சில்வேனியாவுல குரோசர்னு ஒரு பாப்டிஸ்ட் செமினரியில 1951ல படிச்சு முடிச்சவர், அன்னிக்கு அவருக்கு வயசு 32தான். இனப் பிரச்சனையில சபையோட பொறுப்பு என்ன, அடிக்கிறவனை வெறுக்காமலே அநியாயத்தை எதிர்த்து நிக்கிறது எப்படி, இதைத்தான் பேசினார். அன்பைப் பத்திதான் பேசினார். பலனா என்ன ஆச்சு தெரியுமா, சில சபைகள் செமினரிக்கு அனுப்பற பணத்தை நிறுத்திட்டாங்க, அவர் வந்ததால யார் மனசாவது புண்பட்டிருந்தா வருந்துறோம்னு நிர்வாகக் குழு அறிக்கை விட வேண்டியதாயிடுச்சு. அதுக்கு முன்னாடி அங்க எத்தனை தடவை 1 கொரிந்தியர் 13 வாசிச்சிருப்பாங்க, யாருக்கும் கோபம் வந்திருக்காது. கோடு எங்க இருக்கோ அங்க விரலை வச்சப்போதான் கோபம் வந்துச்சு.

இப்ப உங்க பிரசங்கத்துக்கு வாங்க. கிரேக்க வார்த்தையில ஆரம்பிக்கிறதை விட்டுடுங்க தம்பி. உங்க எதிர்ல உக்காந்திருக்கிறவங்க அந்த வார்த்தைகளை பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினவங்க, பாதி பேர் அன்னிக்குக் காலையிலதான் கிரேக்க வகுப்புல இருந்து எழுந்து வந்திருப்பாங்க. யூடியூப் நோட்ஸையும் கொஞ்ச நாளைக்கு மூடி வைங்க. அன்பு ஒண்ணு, விசுவாசம் ரெண்டு, ஊழியம் மூணுன்னு மூணு பானையை மூணு அடுப்புல தனித்தனியா ஏத்தினா 20 நிமிஷத்துல எதுவும் வேகாது. மூணும் ஒரே இடத்துல இருக்கிற பகுதியை எடுங்க, கலாத்தியர் 5ஆம் அதிகாரம், 6ஆம் வசனத்துல இருந்து 15 வரைக்கும்.

பாருங்க, 6ஆம் வசனத்துல "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்"ங்கிறார் பவுல், விசுவாசமும் அன்பும் ஒரே மூச்சுல வந்துடுச்சு. 13ல "அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்"ங்கிறார், ஊழியமும் வந்துடுச்சு. அந்த வசனத்துல பிரசங்க பீடமே கிடையாது, கவனிச்சீங்களா, ஒருவருக்கொருவர்னுதான் இருக்கு. பக்கத்துல இருக்கிறவனுக்கு செய்யறதுதான் அங்க ஊழியம், சபையில கிடைக்கிற பதவியோ இன்டர்ன்ஷிப்போ இல்ல. சரி, இதெல்லாம் யாருக்கு எழுதறார்? 15ஐ படிங்க: "நீங்கள் ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தீர்களானால் அழிவீர்கள், அப்படி ஒருவராலொருவர் அழிக்கப்படாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள்." வேதம் தெரிஞ்சவங்க, உபதேசத்துக்காக சண்டை போட்டவங்க, யார் சரியான கூட்டத்துல இருக்கிறதுன்னு கணக்கு பார்த்தவங்க. ஒரு செமினரி சாப்பல்ல இதை விட பொருத்தமா எதை எடுத்துப் பேசுவீங்க? யாருக்கு ஸ்காலர்ஷிப், யாருக்கு எந்த சபை, புரொபசர் யாரை பேர் சொல்லிக் கூப்பிடறார், இதெல்லாம் அங்க எல்லார் மனசுலயும் ஓடிட்டுதான் இருக்கும், உங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து கண் எரிய உக்காந்திருக்கிறவர் இருப்பார், மனைவி பிள்ளையை வேற நாட்டுல விட்டுட்டு வந்தவர் இருப்பார், முன் வரிசையில புரொபசர் ஒருத்தருக்கு வீட்டுல என்ன கஷ்டமோ நமக்குத் தெரியாது. மார்க் போட வந்தவங்களா அவங்களை பாக்காதீங்க, வசனம் தேவைப்படறவங்களா பாருங்க. அப்படி பாத்தீங்கன்னா உங்க பயமும் பாதி குறையும்.

லூயிவில் கதையை பிரசங்கத்துல சொல்லலாமான்னு கேப்பீங்க. சொல்லலாம், ஆனா அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க அப்படி இருந்தாங்கன்னு முடிச்சா அது பிரசங்கம் ஆகாது. நம்ம ஊர் சபைகள்ல ஜாதி பார்த்து தனித்தனி கல்லறைத் தோட்டம் இருக்கிறது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதையும் அதே மூச்சுல சொல்ல தைரியம் இருந்தா சொல்லுங்க, இல்லன்னா ரெண்டையும் விட்டுட்டு வசனத்தோட நில்லுங்க.

இப்ப அந்த சகோதரர். மத்தேயு 5:24 உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்ல, "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து". பிரசங்கமும் காணிக்கைதான். அவர் உங்களுக்கு எந்தத் தப்பும் பண்ணல, கவனிச்சீங்களா, உங்க லெட்டர்ல அவர் செஞ்ச குத்தம்னு ஒண்ணுகூட இல்ல, அவருக்குக் கிடைச்சுது, அவ்வளவுதான். அதனால போய் பேசும்போது "நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதோ ஆயிடுச்சு"ன்னு பொதுவா இழுக்காதீங்க. எனக்குக் கிடைக்கும்னு நினைச்சேன், உங்களுக்குக் கிடைச்சுது, பொறாமைப்பட்டேன், அதனால பேசாம இருந்தேன், மன்னிச்சுடுங்கன்னு நேரா சொல்லுங்க. வாட்ஸ்அப்ல வேண்டாம், ஒரே வீட்டுல இருந்துட்டு மெசேஜ் அனுப்பினா அது இன்னும் மோசம். அவர் சமைச்சுட்டு இருக்கும்போது நீங்களா கிச்சனுக்குப் போங்க, அவருக்கும் ஒரு டீ போடுங்க, உக்காந்து பேசுங்க. அவர் உடனே கட்டிப் பிடிச்சுக்குவார்னு எதிர்பார்க்காதீங்க, அவருக்கும் இத்தனை மாசமா காரணம் தெரியாம வலிச்சிருக்கும், ரெண்டு நாள் முகம் குடுக்காம இருக்கலாம், இருக்கட்டும், விடுங்க.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். இந்த ஒப்புரவை தூக்கிட்டுப் போய் சாப்பல்ல சாட்சியா சொல்லிடாதீங்க. அவர் சம்மதிச்சாலும் இப்ப வேண்டாம். பிரசங்கத்துக்கு ஒரு உதாரணம் கிடைக்கும்னு போய் மன்னிப்பு கேட்டா அது அவருக்குத் தெரிஞ்சுடும்.

ஜெபம் வறண்டு போச்சுன்னு எழுதியிருக்கீங்க. இங்கிலாந்துல பேர் பெற்ற பாப்டிஸ்ட் பிரசங்கியார் ஸ்பர்ஜன் பேர் உங்க யூடியூப் நோட்ஸ்ல எப்படியும் இருக்கும். அவர் லண்டன்ல பாஸ்டர்களுக்குன்னு காலேஜ் ஆரம்பிச்சது 1856ல, அதே வருஷம் அக்டோபர்ல அவர் பிரசங்கம் பண்ணின ஹால்ல யாரோ தீ தீன்னு கத்தி, கூட்டம் அலறி ஓடி, ஏழு பேர் செத்தாங்க. 22 வயசுப் பையன், நொறுங்கிப் போயிட்டார். அந்த மனச்சோர்வு வாழ்க்கை பூரா விட்டு விட்டு வந்துட்டுதான் இருந்துச்சு, அதை தன் மாணவர்கள்கிட்ட மறைக்கல, வெள்ளிக்கிழமை மதியம் அவங்களோட உக்காந்து பேசறப்போ ஊழியக்காரனுக்கு சோர்வு வரும்னு வெளிப்படையாவே சொன்னார். அதனால உங்களுக்கு வறட்சி வந்துடுச்சுன்னா அழைப்பு போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு மாற்கு 9ல பிள்ளையோட சுகத்துக்காக வந்த தகப்பன் சொன்னது பாதி விசுவாசம்தான், அதோட வந்தவனை இயேசு திருப்பி அனுப்பல. காலையில அந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்க, தமிழ்லயே சொல்லுங்க, நாள் பூரா இங்கிலீஷ்ல ஜெபம் பண்ணி களைச்சுப் போயிருப்பீங்க. ஆனா தூக்கம் போயிடுச்சு, சாப்பாடு இறங்கல, எதுலயும் மனசு ஒட்டலன்னா அதை ஆவிக்குரிய வறட்சின்னு மட்டும் நினைச்சு உள்ளயே வச்சுக்காதீங்க, செமினரியில கவுன்சிலிங் இருந்தா போங்க, டாக்டரையும் பாருங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. அப்பாகிட்டயும் சொல்லுங்க, சின்ன சபை பாஸ்டருக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நினைக்காதீங்க, என்னை கேட்டா அவருக்குத்தான் நல்லா தெரியும்.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். முதல் டிராஃப்ட்டை தமிழ்லயே எழுதுங்க, அப்புறம் இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க. உச்சரிப்பை மாத்த முயற்சி பண்ண வேண்டாம், நிதானமா, சின்னச் சின்ன வாக்கியமா பேசினா எல்லாருக்கும் புரியும். 20 நிமிஷம்னா 18ல முடிங்க, அவங்களுக்கு அடுத்த வகுப்பு இருக்கும்.

இந்த வாரம் எழுத உக்காராதீங்க, முதல்ல அவர்கிட்ட பேசுங்க. பேசிட்டு என்ன ஆச்சுன்னு ரெண்டு வரி எனக்குப் போடுங்க, கலாத்தியர் டிராஃப்ட் ரெடியானதும் அதையும் அனுப்புங்க, படிச்சுட்டு எழுதறேன்.