நம்பிக்கையோடு இருந்தால் உடம்புக்கு உண்மையிலேயே நல்லதா?

'எல்லாம் சரியாகிடும்னு நினைச்சாலே சர்க்கரை குறையும்' என்று அப்பா சொல்கிறார், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை.

2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் 70,000 பெண்களிலும் 1,400 ஆண்களிலும் நம்பிக்கை மிகுந்தவர்களின் ஆயுள் சராசரியாக 11 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதற்கு நம்பிக்கைதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. உடம்பு நன்றாக இருப்பவருக்கு நம்பிக்கையும் தானாக வருமே!

ஓயாத கவலையில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடினால் சர்க்கரையும் ஏறும், தூக்கமும் கெடும். அதைவிடப் பெரியது பழக்கம். வேலூர் வெயில் ஏறுமுன் கோட்டைப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். 'நடந்தால் குறையும்' என்று நம்புகிறவர்தான் வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு இன்னொரு சுற்று போவார். 'இனி என்ன ஆகப்போகுது' என்பவர் மாத்திரையையே மறப்பார்.

அப்பாவின் நம்பிக்கையைக் கெடுக்காதீர்கள். மாத்திரை அட்டையை மட்டும் அவ்வப்போது எண்ணிப் பாருங்கள்.