கல்யாணத்துக்காக நீர் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 68 வயசு. ஹார்ட் பம்பிங் கம்மின்னு தினமும் காலைல லேசிக்ஸ்ங்கற நீர் மாத்திரை போடறேன், வலது முழங்கால் தேய்மானம் வேற. அடுத்த மாசம் தங்கச்சி பேத்திக்கு கல்யாணம். மண்டபத்துல அடிக்கடி பாத்ரூம் போக கூச்சமா இருக்கு, கைத்தடியோட போனா சம்பந்தி வீட்டு ஆளுங்க என்ன நினைப்பாங்க. ரெண்டு நாள் மாத்திரையை விட்டுட்டு கால் வலிக்கு மட்டும் ஏதாவது போட்டுக்கலாமா?

பதில்: வேண்டாம்மா, ரெண்டுமே பண்ணாதீங்க. "வயசே தெரியல, இன்னும் அப்படியே இருக்கீங்களே"ன்னு நாலு பேர் சொல்லிச் சொல்லியே வயசானவங்களுக்கு அது ஒரு பாரமா ஆயிடுது, விசேஷம்னாலே மாத்திரையை ஒளிச்சு வைக்கிறவங்க நிறைய பேர்.

லேசிக்ஸ் போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள யூரின் வர ஆரம்பிக்கும், ஆறு மணி நேரத்துல வேகம் அடங்கிடும். அதனால முகூர்த்தம் காலைலன்னா அன்னிக்கு மட்டும் வீட்டுக்கு வந்து மதியம் ரெண்டு மூணு மணிக்கு போட்டுக்கலாமான்னு உங்க டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு வைங்க, பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவாங்க. சாயங்காலம் ரொம்ப தள்ளினா ராத்திரி தூக்கம் போயிடும், இருட்டுல எழுந்து போறப்ப விழற பயமும் இருக்கு. மாத்திரையை விட்டுட்டு பந்தில அப்பளம், ஊறுகாய்னு உப்பா சாப்பிட்டு நாள் பூரா காலைத் தொங்கப்போட்டு உக்காந்தா, கால் வீங்கி அடுத்து நுரையீரல்ல நீர் கோர்க்கலாம்.

அதைவிட எனக்கு பயம் அந்த வலி மாத்திரைதான். மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கற டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரை எல்லாம் உடம்புல உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கும், கிட்னியையும் கெடுக்கும், ஹார்ட் வீக்கா இருக்கறவங்க தொடவே கூடாது. பாராசிட்டமால் போதுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

கைத்தடியை விடாதீங்க. வலது முழங்கால்ல வலின்னா இடது கைலதான் பிடிக்கணும், நிறைய பேர் மாத்திப் பிடிச்சுட்டு "இதால பிரயோஜனமே இல்ல"ன்னு மூலைல வெச்சிடறாங்க. கையைத் தொங்கவிட்டா பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரா வரணும், அடில ரப்பர் தேயாம இருக்கணும். மண்டபத்துல டைனிங் பக்கம் தரை எப்பவும் ஈரம்தான், பட்டுப்புடவை வேற கால்ல தட்டும், இந்த வயசுல விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா ஆபரேஷன் வரைக்கும் போயிடும். பாத்ரூமுக்கு பக்கத்துலயே சேர் போட்டு வைக்க தங்கச்சிகிட்ட வாய்விட்டு சொல்லுங்க, சொந்தத் தங்கச்சிகிட்ட என்ன கூச்சம்.

கல்யாண வாரம் தினமும் காலைல வெயிட் பாருங்க, மூணு நாள்ல 2 கிலோ ஏறினாலோ படுத்தா மூச்சு முட்டினாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க, ரிசப்ஷன் முடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க.