குடும்பத்தோடு சிங்கப்பூருக்குக் குடிபெயர்கிறேன். எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?

சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை கிடைத்திருக்கிறது, மனைவி, 9 வயது மகள், 5 வயது மகனோடு சென்னையிலிருந்து வருகிறேன், தெம்பனீஸா செங்காங்கா, பிடித்திருந்தால் அங்கேயே நிலைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரயில் நிலையம் எத்தனை நிமிட நடை என்பதுவரை யோசித்திருக்கிறீர்கள். உங்கள் மனைவி என்ன வேலை பார்க்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. திருச்சியில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, கணவரின் வேலைக்காக, வேலை பார்ப்பவரைச் சார்ந்த குடும்பத்தினருக்குத் தரும் டிபெண்டன்ட் பாஸில் இங்கே வந்தவள் நான். அதனால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

உங்கள் நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது (சிங்கப்பூர் டாலர்) இருந்தால்தான் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் டிபெண்டன்ட் பாஸ் கிடைக்கும். முன்பெல்லாம் அந்தப் பாஸில் வந்தவர்கள் ஓர் ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொண்டு எளிதாக வேலைக்குப் போக முடிந்தது. 2021 மே மாதத்திலிருந்து அந்த வழியை மூடிவிட்டார்கள். இப்போது அவருக்கென்று தனியாக வேலை அனுமதி வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால், 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி. நிதித்துறையில் 6,200. வயது ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும். அதற்கு மேல் தகுதிகளுக்குப் புள்ளி போட்டுப் பார்க்கும் முறை வேறு. பத்தாண்டு அனுபவமுள்ள பெண், "கணவருக்கு வேலை இருக்கிறதே, நமக்கும் போனதும் ஏதாவது கிடைக்கும்" என்று நம்பிக் கிளம்பினால், வந்தபின் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எங்கள் பிளாக்கிலேயே அப்படி இரண்டு பொறியாளர்களும் ஒரு பல் மருத்துவரும் இருக்கிறார்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தில் நின்று பேசிக்கொண்டிருப்போம். கலகலப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது அவர்கள் தேர்ந்தெடுத்த வாழ்க்கை அல்ல.

எனவே வாடகைக் கணக்கை ஒற்றைச் சம்பளத்தில் போடுங்கள். இரண்டாவது சம்பளம் வந்தால் லாபம்.

அடுத்தது மகளின் பள்ளி. வெளிநாட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் நடுவகுப்பில் சேர, கல்வி அமைச்சு நடத்தும் ஏஇஐஎஸ் தேர்வில் தேற வேண்டும். ஆங்கிலமும் கணிதமும்தான். ஆண்டின் பிற்பகுதியில் நடக்கும். தேறினாலும் இடம் நிச்சயமில்லை. மதிப்பெண்ணையும், காலியிடத்தையும், நீங்கள் கொடுத்த முகவரியையும் பார்த்துப் பள்ளியை அவர்களே ஒதுக்குவார்கள். தொடக்கநிலை 6இல் சேர்த்துக்கொள்வதே இல்லை. அந்த ஆண்டு முடிவில் பொதுத்தேர்வு. ஆகவே மகள் விஷயத்தில் தள்ளிப்போட உங்களிடம் அதிக ஆண்டுகள் இல்லை. ஏழு வயது ஆகும் ஆண்டில்தான் இங்கே முதல் வகுப்பு என்பதால், சென்னைப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு வகுப்பு இறங்கித்தான் சேர்வார்கள். அதற்காகக் கலங்க வேண்டாம். இங்கத்திய கணிதத்தில் வரும், கட்டங்கள் வரைந்து விடை காணும் கணக்குகளைப் பார்த்தபின் நீங்களே நல்லதாயிற்று என்பீர்கள்.

மகனுக்குப் பரீட்சை இல்லை, காத்திருப்பு உண்டு. தொடக்கநிலை 1 சேர்க்கையில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரிய கட்டங்கள் முடிந்து எஞ்சியவைதான் மூன்றாம் கட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு வரும். வீட்டுத் தரகர் "பெயர்பெற்ற பள்ளி, ஒரு கிலோமீட்டருக்குள்" என்று வாடகையை ஏற்றிச் சொல்வார். பள்ளிக்கு அருகில் குடியிருப்போருக்கு முன்னுரிமை தரும் அந்தத் தூரச் சலுகையால் ஆதாயம் மற்றவர்களுக்கு. நம் முறை வரும்போது அந்தப் பள்ளியில் நாற்காலி மிச்சமிருக்காது. அதற்காக ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கட்டணத்தையும் கணக்கில் எடுங்கள்: 2024இல் இந்தியப் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் மாதம் 888 வெள்ளி, அதுவும் ஆண்டுக்காண்டு ஏறுகிறது. சிபிஎஸ்இ பாடத்திட்டம் நடத்தும் தனியார் பன்னாட்டுப் பள்ளிகளில் இடம் எளிதாகக் கிடைக்கும், கட்டணம் அதைவிடக் கூடுதல். மூன்று நான்கு ஆண்டுகளில் திரும்பிவிடுவதாக இருந்தால் அதுவே புத்திசாலித்தனம்.

இடையில் ஒன்று. சென்னையில் உங்கள் மகள் இரண்டாம் மொழியாக இந்தியோ பிரெஞ்சோ எடுத்திருக்கலாம். இங்கே அரசுப் பள்ளியில் தாய்மொழிப் பாடம் உண்டு. தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, பொதுத்தேர்விலும் வரும். தி.நகரிலிருந்து வந்த ஒரு பெண் குழந்தை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ரகர றகரம் குழம்பி, அழித்து அழித்துத் தாளில் ஓட்டையே போட்டுவிட்டாள். அவளுக்கு எழுத்தைத் திருத்திக் கொடுத்தவள் இங்கேயே பிறந்த என் மகள். கிளம்புவதற்கு முன் அ, ஆவன்னாவைத் தொடங்கிவிடுங்கள்.

"நிலைத்துவிடலாமா" என்றீர்களே, அதற்கு விடை உங்கள் மகனிடம் இருக்கிறது. பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் பையன்கள் 18 வயதை ஒட்டி இரண்டாண்டு முழுநேரத் தேசிய சேவை (ராணுவம், காவல் போன்றவற்றில் கட்டாயப் பணி) செய்தாக வேண்டும். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டுவிட்டால், பின்னாளில் அவன் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும். நல்லதா கெட்டதா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். சேவையை முடித்து நிமிர்ந்து வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் விண்ணப்பத்தில் அவன் பெயரையும் சேர்க்கும்போதே, அவன் சார்பில் நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள் என்ற உணர்வோடு சேருங்கள். சொந்த வீடும் இதோடு பின்னியதுதான். வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரை வரி மட்டும் விலையில் 60 விழுக்காடு, 2023 ஏப்ரலிலிருந்து. நிரந்தரவாசிக்கு முதல் வீட்டில் 5 விழுக்காடு. ஆகவே இப்போதைக்கு வாடகைதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தெம்பனீஸ். உங்கள் அலுவலகப் பகுதிக்கு அருகிலுள்ள எக்ஸ்போ ரயில் நிலையம், அங்கிருந்து டௌன்டவுன் தடத்தில் மூன்றாவது நிறுத்தம். அதே தடத்தில் எதிர்த்திசையில் ஏறினால் வண்டி மாறாமல் லிட்டில் இந்தியா. செங்காங்கும் நல்ல ஊர்தான், வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் கோவில் இருக்கிறது, இளங்குடும்பங்கள் நிறைய. ஆனால் அங்கிருந்து சாங்கிக்குத் தினமும் வண்டி மாறி மாறிப் போய் வந்தால், இரவு மகளுக்குப் பாடம் சொல்லித்தரத் தெம்பு இருக்காது. தேக்காவிலேயே, அதாவது லிட்டில் இந்தியாவிலேயே, தங்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மல்லிகைப்பூவும் முருங்கைக்கீரையும் வாரம் ஒரு முறை போய் வாங்கினால் போதும். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் இரண்டு பிள்ளைகளோடு நடந்து பாருங்கள், புரியும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அரசு அடுக்குமாடி) வீட்டில் நாலறை என்றால் மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும். முழு வீடாக எடுத்தால் மாதம் 3,000 வெள்ளிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு பிளாக்குக்கு 11 விழுக்காடு, வட்டாரத்துக்கு 8 விழுக்காடு என்று உச்சவரம்பு இருப்பதால், நண்பர் குடியிருக்கும் பிளாக்கிலேயே கேட்டால் கிடைக்காமல் போகலாம். வீடு பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் உரிமையாளர் அம்மாள் கூடத்தைக் காட்டாமல் நேரே அடுப்படிக்கு அழைத்துப் போய், தினமும் எண்ணெய் காய வைத்துத் தாளிப்பீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றோம். வீடு எங்களுக்கு இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுவது மேல். கடுகு வெடிப்பதை ஒளித்து வைத்து இரண்டாண்டு குடியிருக்க முடியாது.

ஒப்பந்தம் இரண்டாண்டுக்கு என்றால், வேலை போனாலோ மாற்றலானாலோ ஓராண்டுக்குப் பின் இரண்டு மாத முன்னறிவிப்போடு வெளியேறும் விதி அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாஸ் ரத்தானால் நாட்டில் தங்க 30 நாள்தான் கிடைக்கும்.

கார் நினைப்பை விடுங்கள். கார் வைத்துக்கொள்ள வாங்க வேண்டிய பத்தாண்டு உரிமைச் சான்றிதழே ஏலத்தில் லட்சம் வெள்ளியைத் தாண்டியதுண்டு. மருத்துவம் அப்படி விட்டுவிட முடியாதது. நமக்கு அரசு மானியம் கிடையாது. பலதுறை மருந்தகம் எனப்படும் அரசு பாலிகிளினிக்கிலும் முழுக் கட்டணம்தான். நிறுவனத்தின் காப்பீடு உங்களுக்கு மட்டுமா, மனைவி மக்களுக்கும் சேர்த்தா, பள்ளிக் கட்டணத்தில் ஏதும் பங்கு தருவார்களா என்பதையெல்லாம் வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால், விதியில் இடமில்லை என்று பணிவாகச் சொல்லிவிடுவார்கள்.