கோஹிபா சிக்லோ 1 போன்ற குட்டி கியூபா சுருட்டைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி?

சின்னச் சுருட்டுதானே என்று வேகமாக இழுத்துவிடாதீர்கள், பலரும் அங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். 1992-இல் வந்த சிக்லோ 1 வெறும் 102 மில்லிமீட்டர் நீளம், கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர் தடிமன். ஒல்லியாக இருப்பதால் சட்டென்று சூடேறும், சூடேறினால் புகை கசந்துவிடும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். புகையை நுரையீரலுக்குள் விடாமல் வாயில் நிறுத்தி, கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டால் மணம் பிடிபடும்.

பற்றவைக்கும் முன் இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இறுகிய இடம் இருந்தால் இழுவை அடைக்கும். அப்புறம், கோஹிபாவில் செகோ (மென்மையான வகை), லிகேரோ (காட்டமான வகை) புகையிலை இலைகளைப் பீப்பாயில் மூன்றாம் முறையும் நொதிக்க வைக்கிறார்கள், அந்த வழவழப்பு நாக்கில் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால் சுருட்டின் கடைசி மூன்றில் ஒரு பங்கை வைத்துத்தான் மதிப்பெண் போடுவேன்.