அம்மாவின் பழைய தோசைக்கல் முழுக்கத் துரு. பேட்டரி சார்ஜர் வைத்து வீட்டிலேயே எடுக்கலாம் என்கிறார்களே, செய்யலாமா?

செய்யலாம். கல்லில் நெகட்டிவ், தூக்கிப் போடப்போகிற இரும்புக் கம்பியில் பாசிட்டிவ். இதோடு பதிலை முடித்துவிடலாம்தான். ஆனால் நான் மாற்றி மாட்டியவன், அதனால் மனசு வரவில்லை.

நீங்கள் ஏற்கெனவே புளி, சாம்பல், செங்கல் பொடி எல்லாம் போட்டுத் தேய்த்திருப்பீர்கள். வீட்டில் யாராவது "புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமே" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது, கல்லுக்குப் பதில் கத்தி.

அப்பா ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் கவாத்து வேலை பார்த்தவர். அங்கே மூட்டம் இறங்கினால் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும், இரும்பு எதுவும் தப்பாது. அவர் போன பிறகு இரண்டு கவாத்துக் கத்திகள் சாக்கில் சுற்றியபடி சேலத்தில் என் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தன. ஒன்றில் பிடிக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி உண்டு. மற்றவர்கள் கத்தியோடு கலந்துவிடக் கூடாதென்று அவரே பஞ்ச் வைத்து அடித்தது. துருவுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது, விரலில் தட்டுப்படும். அதைப் பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை 12 வோல்ட் சார்ஜர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். (இப்போது வரும் ஸ்மார்ட் சார்ஜர் பல, எதிரில் பேட்டரி இல்லையென்றால் கரண்டே விடாது.) மொட்டை மாடியில் பக்கெட், போர் தண்ணீர், வாஷிங் சோடா. சிவப்பு கிளிப்பைக் கம்பியிலும் கறுப்பைக் கத்தியிலும் மாட்டினேன். மீட்டர் முள் 3 ஆம்பியர் காட்டியது. போய்ப் படுத்துவிட்டேன்.

ஒன்பது மணி நேரம் கழித்துப் பார்த்தால் கம்பி பளிச்சென்று இருக்கிறது, கத்தி கறையான் அரித்த மாதிரி இருக்கிறது. விற்றவர் கிளிப் மாற்றும்போது சிவப்பைக் கறுப்பு இடத்தில் போட்டிருக்கிறார். மூன்று புள்ளியில் இப்போது ஒன்றுதான் மிச்சம்.

"எலக்ட்ரிக்கல் டிப்ளமா படித்தவன் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க மாட்டாயா?" என்று கமென்ட்டில் வருவீர்கள், தெரியும். என்னிடம் மல்டிமீட்டர் இரண்டு இருக்கிறது. நிறத்தை நம்பினேன், அவ்வளவுதான். பாசிட்டிவில் மாட்டிய இரும்பு கரையும். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் சுமார் 1 கிராம். என் கணக்குக்கு 27 கிராம் வரை போயிருக்கலாம். போர் தண்ணீரில் இருந்த உப்பும் அதன் பங்கைச் செய்திருக்கும்.

மீட்டர் இல்லாதவர்கள் இரண்டு ஆணியை சோடாத் தண்ணீரில் ஒன்றோடொன்று படாமல் தொங்கவிட்டு மாட்டிப் பாருங்கள். எதில் குமிழி அதிகமோ அதுதான் நெகட்டிவ். ஒரு நிமிஷ வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் கையால் சுற்றும் காபி பல்பர் (காபிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம்) ஒன்று இருந்தது, வார்ப்பிரும்பு. நான் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டான். "துருப்பிடிச்ச சாமான்தானேண்ணா" என்றான். வீட்டுப் பாகத்தில்கூட நான் வாய் திறக்கவில்லை, ஆனால் அந்த பல்பர் ஆறவில்லை. அவன் இந்தத் தளத்தில்தான் இருக்கிறான். படிக்கட்டும்.

சரி, உங்கள் கல்லுக்கு வருவோம். இரண்டாவது கத்தியை ஒழுங்காகச் செய்தேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

மளிகைக் கடையில் வாஷிங் சோடா என்றே கேளுங்கள். சோடா உப்பு என்றால் ஆப்பத்துக்குப் போடுவதைக் கட்டித் தருவார்கள். நாலு லிட்டருக்கு ஒரு மேசைக் கரண்டி போதும். கரண்ட் நன்றாகப் போகட்டும் என்று சமையல் உப்பைச் சேர்க்காதீர்கள், குளோரின் வரும். கம்பி, கட்டடத்துக்குப் போடும் சாதாரணக் கம்பியாக இருக்கட்டும். நம்மூர் ஸ்டீல் பிளான்ட் எவர்சில்வருக்குப் பேர் போனது, வெட்டுத் துண்டு எளிதாகக் கிடைக்கிறது, அது கரையாது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். அதிலிருக்கும் குரோமியம் தண்ணீரில் இறங்கினால் விஷம். சாப்பாட்டுக் கல்லுக்கு நினைத்தே பார்க்காதீர்கள். ஜிஐ பைப்பும் வேண்டாம். அலுமினியக் கைப்பிடி இருந்தால் கழற்றிவிடுங்கள், சோடா அதைத் தின்றுவிடும்.

கிளிப் கடிக்கிற இடத்தைச் சுரண்டி நல்ல இரும்பு தெரிய வையுங்கள். கம்பியும் கல்லும் தொடக் கூடாது. கம்பிக்கு நேரே இருக்கிற பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், நடுவில் ஒருமுறை கல்லைத் திருப்புங்கள். கையை விடுவதற்கு முன்னால் சுவிட்சை அணையுங்கள். வருவது ஹைட்ரஜன், அதனால் திறந்த மாடியில், பீடி சிகரெட் இல்லாமல். மூடி போட்டு வைக்காதீர்கள்.

வினிகர் போதுமே என்று ஒருவர் எழுதுவார். போதும்தான். மறந்துவிட்டால் அது நல்ல இரும்பையும் அரிக்கும். இதில், நெகட்டிவில் சரியாக மாட்டியிருந்தால், ராத்திரி முழுக்க விட்டாலும் கல் தேயாது.

வெளியே எடுத்ததும் கறுப்பாக ஒரு பொடி ஒட்டியிருக்கும், பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மேக்னடைட், நம்ம கஞ்சமலைக் கல்லில் இருக்கிற அதே இரும்புத் தாது. தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும். உடனே கழுவி அடுப்பில் வைத்து ஈரத்தை விரட்டுங்கள், விட்டால் பத்து நிமிஷத்தில் செம்பழுப்பு பூத்துவிடும். அப்புறம் வழக்கம்போல நல்லெண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்துப் பழக்க வேண்டியதுதான். முதல் நாலைந்து தோசை பிய்ந்துதான் வரும்.

என் சார்ஜர் கிளிப்பை இன்னும் மாற்றவில்லை. கறுப்பு கிளிப்பில் மகள் அவளுடைய நெயில் பாலிஷால் பெரிதாக ஒரு பிளஸ் போட்டு வைத்திருக்கிறாள்.