ஏதென்ஸ் நகரத்து மாப்பிள்ளை

வணக்கம் ஐயா,

எங்கள் ஊர் தென்காசி. ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று கொடியில் துணியைத் தங்க விடாது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் காற்றுத் தெய்வங்களை வரைந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். "நமக்கு வாயு பகவான் ஒருத்தர்தானே, கிரேக்கர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை பேர்?" என்கிறான். என்ன சொல்லட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நமக்கும் ஒருவர் மட்டும் இல்லை. ரிக் வேதத்தில் வாயு, வாதன் என்று இரண்டு பெயர்கள் உண்டு. புயலோடு கூட்டமாக வருகிற மருத்துகள் வேறு. பத்தாம் மண்டலத்துப் பாட்டு ஒன்று, வாதனின் ஓசை கேட்கிறது, உருவம் தெரிவதில்லை என்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

கிரேக்கர்கள் அந்த உருவத்தைச் செதுக்கியே காட்டிவிட்டார்கள். ஏதென்ஸில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய எண்கோணப் பளிங்குக் கோபுரம் ஒன்று இன்றும் நிற்கிறது. எட்டுப் பக்கமும் எட்டுத் திசைக் காற்றுகள், இறக்கையோடு பறக்கிற ஆட்களாக. வடக்கே போரியஸ், தாடிக்காரர், கனத்த போர்வையோடு சங்கு ஊதுகிறார். தெற்கே நோட்டஸ் குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீர் கொட்டுகிறார். மேற்கே செஃபிரஸ், வெறுங்கால் இளைஞன், மடி நிறையப் பூ. கடலை நம்பிப் பிழைத்தவர்களுக்குக் காற்று என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எந்தத் திசைக் காற்று என்று தெரிந்தாக வேண்டும். நாமும் வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்தவர்கள்தானே.

ஆனால் மகனுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய கதை போரியஸுடையது. ஏதென்ஸ் அரசன் எரெக்தியஸின் மகள் ஒரெய்தியாவை இலிசஸ் ஆற்றங்கரையிலிருந்து அவர் தூக்கிக்கொண்டு போனார் என்பது புராணம். அப்புறம் கி.மு. 480-இல் பாரசீகப் படை கடல்வழியாக வந்தபோது, 'உங்கள் மருமகனைத் துணைக்குக் கூப்பிடுங்கள்' என்று ஏதென்ஸ்காரர்களுக்கு வாக்கு வந்ததாம். மருமகன் என்றால் வேறு யார்? போரியஸுக்குப் பலி கொடுத்துக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் புயல் அடித்தது. குறைத்துச் சொன்னாலே 400 பாரசீகக் கப்பல்கள் உடைந்தன என்று எழுதுகிறார் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். புயலை அனுப்பியது போரியஸ்தானா என்று தம்மால் சொல்ல முடியாது என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்கிறார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு நெகிழ்கிறது. கொள்ளை போன பெண்ணின் ஊர் அந்தக் காற்றை வீட்டு மாப்பிள்ளையாக்கி, ஆபத்தில் உரிமையோடு கூப்பிடுகிறது. ஊர் திரும்பியதும் அதே இலிசஸ் கரையில் அவருக்குக் கோயிலும் கட்டினார்கள்.

படம் வரைய வடகிழக்குக் காற்று கைக்கியஸை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோபுரத்தில் அவர் கையில் ஒரு கேடயம், அது நிறைய ஆலங்கட்டி. ஏழாம் வகுப்புப் பையனுக்கு அதைவிட நல்ல படம் கிடைக்காது.