மதுரையில் அம்மாவோடு இரண்டு பகல், ஒரு ராத்திரி: எங்கே தங்கலாம்?

விடியற்காலை பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறீர்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி, மறுநாள் ராத்திரி ரயில், மீனாட்சி அம்மன் கோயிலை ஒட்டியே ரூம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கோயிலை ஒட்டி வேண்டாம் சார். கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள். ஆட்டோ முன்னாலேயே நின்றுவிடும், அம்மாதான் நடக்கணும். ஸ்டேஷனுக்கு எதிரே மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம் பாருங்கள். லாட்ஜுக்குப் பஞ்சமே இல்லை.

வாடகையை விட முக்கியம், செக்-அவுட் கணக்கு. 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். 12 மணிக் கணக்கு என்றால், காலை 5 மணிக்குப் போனாலும் மதியத்தோடு ஒரு நாள் வாடகை போச்சு! லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட் இரண்டையும் கேளுங்கள். 'லிஃப்ட் இருக்கு' என்பார்கள், அதற்கே பத்துப் படி ஏறணும். ரூம் தெருப் பக்கம் வேண்டாம், ஹாரன் சத்தம் தூங்கவிடாது.

கன்ஃபர்ம் டிக்கெட் இருந்தால் ஸ்டேஷனிலேயே பயணிகள் தங்கும் ரிட்டயரிங் ரூமை ஐஆர்சிடிசியில் முதலில் பாருங்கள். கிடைத்தால் அலைச்சலே இல்லை. ஆதார் ஒரிஜினல் இருவருக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் செல்போன் கூடாது, ரூமிலேயே வைத்துவிடுங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அம்மா அப்போது படுத்துக்கொள்ளட்டும்.